கொழும்பும் சென்னையும்: தூரமும் பிரயாண காலமும்

கொழும்புக்குஞ் சென்னைக்கும் இடையேயுள்ள தூரம் யாது என வினவுவார்க்கு ஒரே விடை கூறுதல் அரிது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை நேர்கோடிட்டு அளப்பின் அஃது ஏறத்தாழ 645 கிலோமீற்றர்; மைற்கணக்கிற் கூறின் 400. தலைமன்னார், தனுஷ்கோடி வழியாகப் புகையிரதத்திலுங் கப்பலிலுஞ் சென்றோர்க்கு அதுவே ஏறத்தாழ 1,040 கிலோமீற்றராய் இருந்தது. தூத்துக்குடி வழியாகச் சென்ற அவர்தந் தந்தையர்க்கு 985 கிலோமீற்றரளவாயிற்று. இம்மூன்றனுள் மிகச் சிறியதனை இக்கால விமானம் ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டிய நேரத்திற் கடந்துவிடுகின்றது. இதுகொண்டு, இரு நகரங்களும் ஆண்டுக்காண்டு நெருங்கியே வந்தன என எண்ணுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. வழி குறுகிய காலமும் உண்டு. நீண்ட காலமும் உண்டு. ஒரு சாரார்க்குக் குறுகிய அதே ஆண்டில் மற்றொரு சாரார்க்கு நீண்டதும் உண்டு.

முதலில் தேசப்படத்தை நோக்குதல் வேண்டும். கொழும்புஞ் சென்னையும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்த நகரங்கள். முன்னையது கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 52 கலையை ஒட்டியும், பின்னையது 80 பாகை 17 கலையை ஒட்டியும் உள்ளன. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும் நேர்கோடு வடதிசையை நோக்கியே செல்லும். அக்கோட்டினைக் கட்டுநாயக்கவிலிருந்து தொடங்கி அளவுகோல் வைத்து இழுத்துப் பார்ப்பவர் ஓர் உண்மையைக் காண்பர். அஃது இலங்கையின் மேல்கரையை அடுத்துச் சென்று, மன்னார்ப் பெருநிலத்தின் மேலாகக் கடந்து, யாழ்ப்பாண நகரத்தின் உச்சியைத் தொட்டுக்கொண்டே பாக்கு நீரிணையைத் தாண்டுகின்றது. யாழ்ப்பாணம் கொழும்புக்குஞ் சென்னைக்கும் இடைவழியில் உள்ளது என்பது வெறும் பேச்சு வழக்கன்று; கணிதத்தாற் காட்டத்தக்க உண்மை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இஃது இன்றியமையாதது.

இவ்விரு கரைகட்கும் இடையே நிகழ்ந்த போக்குவரத்தின் தொன்மையை விரித்தல் ஈண்டுத் தேவையன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஈழத்து உணவு வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை கூறுதல் மாணவர் யாவரும் அறிந்ததே. அண்மைக் காலத்துச் சான்றுகள் இரண்டு போதும். 1849 ஆம் ஆண்டில் ஆறுமுகநாவலர் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னை சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றது அப்பிரயாணத்தின் போதேயாம். அவர் காலத்தில் யாழ்ப்பாணத்தார்க்குச் சென்னை என்பது காற்றையும் பருவத்தையும் பார்த்துப் பாய்மரம் விரித்துச் செல்லவேண்டிய ஊர். பிரயாண காலம் இத்துணை நாள் என முன்கூட்டி எழுதிவைக்க இயலாத காலம் அது. 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் தேதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாகத் தரைமார்க்கமாய் யாழ்ப்பாணஞ் சென்று, அங்கிருந்து கடல் கடந்து 26 ஆந் தேதி பாம்பனை அடைந்தார். சென்னைக்கு அவர் சென்றுசேர்ந்தது பெப்ரவரி 6 ஆந் தேதி. வழிநெடுக வரவேற்பும் பிரசங்கமும் இருந்தமையின் இம்மூன்று வாரத்தையும் பிரயாண காலமெனக் கொள்ளல் ஆகாது. எனினும் மாத்தளைக்கு வடக்கே அந்நாளிற் புகையிரதப் பாதை இருந்ததில்லை என்பதும், அத்துணைப் பெரியாருங் காட்டுவழியே வண்டியிற் செல்ல நேர்ந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. காங்கேசன்துறை வரை பாதை முற்றுப்பெற்றது 1905 ஆம் ஆண்டிலேதான்.

இக்காலத்துக்கு முன்னரே, பெயர் எழுதப்படாத பல்லாயிரவர் இதே கடலைக் கடந்திருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுப் பாதையை நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். கடலின் அகலம் இருபது மைல். அதன் பின்னர் இருந்ததே தூரம். அவ்வட பாதை மூடப்பட்ட பின்பு தொழிலாளர் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர்.

தூத்துக்குடிக்குப் புகையிரதப் பாதை 1876 ஆம் ஆண்டில் வந்தது. சென்னையிலிருந்து 709 கிலோமீற்றர்ப் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கடக்க ஏறத்தாழ 22 மணித்தியாலஞ் சென்றது. அதன்பின் ஓரிரவுக் கப்பற் பிரயாணம். மன்னார் வளைகுடா, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பிரயாணிகளிடம் இரக்கங் காட்டுங் கடலன்று. ஆகவே தூரத்தைச் சுருக்குவதிலும் கடலைச் சுருக்குவதே முதன்மையான தேவையாயிற்று. 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் தேதி பாம்பன் பாலந் திறக்கப்பட்டதும் அத்தேவை நிறைவேறியது. இரு பாதியாய் மேலெழுந்து கப்பல்களுக்கு வழிவிடும் நடுப்பகுதியையுடைய அப்பாலத்தின் மேலாகத் தென்னிந்திய இரயில்வேயின் வண்டிகள் தனுஷ்கோடி வரை சென்றன; மறுகரையில் இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியார் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதையிட்டனர். இடையே 35 கிலோமீற்றர்க் கடல் மட்டும் எஞ்சியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்னும் வைசிராய்மாரின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் அதனைக் கடந்தன.

இதுவே யாவரும் நன்கறிந்த 'போட் மெயில்' என்னுந் தொடர் சேவை. சென்னை எழும்பூரில் மாலையில் ஏறியவர் ஏறத்தாழ 675 கிலோமீற்றரை 19 மணித்தியாலத்திற் கடந்து மறுநாள் தனுஷ்கோடித் துறையை அடைவார். கடல் கடந்து தலைமன்னாரில் இரவு வண்டியேறுவார். மூன்றாம் நாட் காலையிற் கொழும்பில் இறங்குவார். இரண்டு இரவும் ஒரு பகலும் கணக்கு. முழு வழியையும் எடுத்து நோக்கின் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகமேயாயினும், ஒரே சீட்டில் இரு தேசங்களை இணைத்த அச்சேவைக்கு நிகரானது அக்காலத்து ஆசியாவில் அரிது எனலாம். பழைய தூத்துக்குடி வழியிலும் இப்புதுவழி தூரத்தாற் பெரிது என்பது பலர் கவனியாதது. தரைவழி நீண்டு கடல்வழி சுருங்கியமையே அதன் சிறப்பு.

தெமட்டகொடைவாசிகளுக்கு இத்தொடர்பு புத்தகத்திற் படித்தறியும் பொருளன்று. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகள் யாவும் மருதானையைக் கடந்ததுந் தெமட்டகொடையூடாகவே செல்வன. எஞ்சின்களுக்கு நிலக்கரியும் நீரும் இட்டு ஆயத்தஞ் செய்யுங் கொட்டகையும் அவ்விடத்திலேயே அமைந்தது. சென்னையிலிருந்து வருவோர், கொழும்பு வந்துவிட்டது எனப் படுக்கையைச் சுருட்டத் தொடங்குவது களனி கங்கைப் பாலத்திற்குந் தெமட்டகொடைக்கும் இடையில். அப்பாதையோரத்துக் குடியிருப்புக்களில் வாழ்ந்த பல இனத்துப் புகையிரதத் தொழிலாளருக்கு, தலைமன்னார் வண்டி நேரத்துக்கு வந்ததா, பிந்தியதா என்பதே அன்றைய கடல் அமைதியாயிருந்ததா என்பதைக் காட்டும் அறிகுறியாகும்.

போட் மெயிலின் பெருமையைப் பேசுவோர் மண்டபத்தை மறந்துவிடுதல் வழக்கம். பாம்பன் பாலத்திற்கு இப்பால், இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கத்தாரால் நடத்தப்பட்ட மண்டபம் முகாமில், தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் தொற்றுநோய்த் தடுப்பின் பொருட்டு நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். முதல் வகுப்பிற் சென்ற வழக்கறிஞர்க்கு இரண்டு இரவாயிருந்த அதே வழி, அதே கப்பலில் வந்த தொழிலாளிக்கு ஒரு கிழமைக்கு மேலும் நீண்டது. பிரயாண காலம் என்பது வண்டியின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி ஆகாய மார்க்கத்தை நோக்குவோம். 1912 ஆம் ஆண்டிற் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மார்க் பூர்ப் என்னும் பிரெஞ்சுக்காரர் விமானத்திற் பறந்து காட்டினார். அது வேடிக்கை; போக்குவரத்தன்று. கொழும்புக்கு அண்மையில் விமானத்துறை ஒன்று அமைப்பதென அரசாங்க சபை தீர்மானித்தது 1934 ஆம் ஆண்டில். அவ்வாறு இரத்மலானையில் அமைந்த தரையில் 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் தேதி முதல் விமானம் இறங்கியது. அஃது எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமை ஆசிரியராயிருந்த டின்டேல் பிஸ்கோ என்பார் 'பஸ் மொத்' என்னுஞ் சிறு விமானத்தைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்து இறக்கினார். கொழும்பின் விமானப் போக்குவரத்து வரலாற்றில் முதல் வரியே சென்னையின் பெயரோடு தொடங்குகின்றது.

இதற்கு மூன்றாண்டுகளின் முன், 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆந் தேதி, ஜே. ஆர். டி. தாதா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பைகளுடன் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ற் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தார். இலண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் விமானங் கொணர்ந்த தபால் அது. 1938 ஆம் ஆண்டிலே தாதா கம்பனியாரின் சேவை கொழும்பு வரை நீட்டப்பட்டது. முதன்முதலாகக் கொழும்புக்குஞ் சென்னைக்கும் இடையே அட்டவணைப்படி வானிற் சென்றவை கடிதங்களேயாம். மனிதர் பின்னரே சென்றனர்.

இரண்டாம் உலக யுத்தம் இலங்கையில் விமானத் தளங்களைப் பெருக்கிற்று. பலாலியும் கட்டுநாயக்கவும் பிரித்தானிய ஆகாயப் படையின் தேவைக்காக உண்டானவையே. கொக்கலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் குவான்ரஸ் கம்பனியின் நீர்விமானங்கள் 1943 ஆம் ஆண்டு முதல் இடைநில்லாது பறந்தன. இந்து சமுத்திரம் முழுவதையுங் கடக்க அவற்றுக்குச் சென்ற நேரம் ஏறத்தாழ 28 முதல் 32 மணித்தியாலம். அதே ஆண்டுகளில் எழும்பூரில் ஏறிக் கொழும்புக்கு வந்த சாதாரணப் பிரயாணி அதனினும் அதிக நேரத்தை வழியிற் செலவிட்டார் என்பதை ஒப்புநோக்கின், தூரத்துக்குங் காலத்துக்கும் உள்ள உறவு எத்துணைத் தளர்ச்சியானது என்பது புலனாகும்.

1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் தேதி எயர் சிலோன் கம்பனியின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. டகோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானத்துக்குச் சீதாதேவி என்று பெயர். இலங்கையினின்றும் வானூர்தியேறி வடக்கு நோக்கிச் சென்ற முதற் பெண்மணி என இதிகாசங் கூறும் அம்மையாரின் பெயர் அதற்குப் பொருத்தமாகவே வாய்த்தது. இரத்மலானையிலிருந்து பலாலி 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர். இரண்டையுங் கூட்டினும், நேரே பறப்பதிலும் மிகச் சிறிதே மிகும். யாழ்ப்பாணத்தில் இறங்கிச் செல்வது சுற்றுவழியன்று என முன்னர்க் கூறியதன் பயன் இதுவே. மணிக்கு 250 கிலோமீற்றர் அளவிற் செல்லும் டகோட்டாவுக்கு வானிற் செலவாகும் நேரம் மூன்று மணித்தியாலத்துக்குச் சிறிது குறைவு. பலாலியிலே தங்கும் நேரம் வேறு. இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரு முற்பகலாகச் சுருங்கின.

ஆயின் எத்துணைப் பேர்க்கு? உத்தியோகத்தர், வணிகர், வைத்தியர், அவசர காரியமுடையோர் வானிற் சென்றனர். ஏனையோர் போட் மெயிலை விட்டாரல்லர். அன்றியும், விமானம் வந்த மறு ஆண்டே மற்றொரு தூரம் உண்டாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், அதுகாறுஞ் சீட்டு மட்டுங் கொண்டு சென்றவர் கடவுச்சீட்டும் விசாவுங் கேட்கப்பட்டனர். பத்திரங்களுக்காகக் காத்திருந்த கிழமைகளை எவ்வட்டவணையும் பிரயாண காலத்திற் சேர்த்ததில்லை.

1964 ஆம் ஆண்டு இவ்வழியின் வரலாற்றில் மறக்கத்தகாதது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியுங் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி மலைநாட்டுத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டுமென முடிவாயிற்று. அதற்கு இரண்டு மாதங்கள் நிரம்புமுன், டிசம்பர் 22 ஆந் தேதி இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பிரயாணிகள் வண்டியொன்று ஆட்களோடு கடலுக்கிரையாயிற்று. செல்லவேண்டியோர் தொகை தீர்மானிக்கப்பட்டது. செல்லும் வழியோ சிதைந்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. மலைநாட்டிலிருந்து பொல்காவலை வழியாகத் தலைமன்னாருக்குச் சென்ற வண்டிகளை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என வழங்கினர். மூன்று தலைமுறைக்கு முன் முப்பாட்டன் காட்டுவழியாய் வந்த தூரத்தை அவர்கள் ஓரிரு நாளில் திரும்பிக் கடந்தனர். வேகம் ஒரு நன்மை எனக் கொள்ளுங் கருத்து இவ்விடத்துத் தயங்கி நிற்கின்றது.

ஆகாயத்திலோ வளர்ச்சி தொடர்ந்தது. 1957 ஆம் ஆண்டு நவம்பரிற் பிரித்தானியர் கையளித்த கட்டுநாயக்கத் தளம் கனடா நாட்டுதவியுடன் சர்வதேச விமான நிலையமாக விருத்தி செய்யப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் எயர் சிலோன் 'டிரைடன்ட்' என்னும் ஜெற் விமானத்தைப் பெற்றது. ஜெற் விமானத்துக்குக் கொழும்பு, சென்னைத் தூரம் மிகச் சிறிது. ஏறி உயரத்தை அடைவதற்கும் இறங்குவதற்குமே பாதிநேரஞ் செல்லும். ஆதலின் வேகம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகியும், பிரயாண காலம் அவ்வளவாற் குறையவில்லை.

அட்டவணையைப் பார்த்துப் பிரயாண நேரத்தைக் கணக்கிடுவோரை ஏமாற்றிய விநோதம் ஒன்றும் உண்டு. 1906 ஆம் ஆண்டு முதல் இலங்கையும் இந்தியாவும் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தைப் பெரும்பாலும் பொதுவாகக் கொண்டிருந்தன. மின்சாரப் பற்றாக்குறையின் பொருட்டு 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரிலில் மீண்டும் பழைய நேரத்தை அடைந்தது. ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், ஒரு மணியும் இருபது நிமிடமும் பறக்கும் விமானம் கொழும்பிலிருந்து சென்னைக்கு ஐம்பது நிமிடத்திற் சென்றதாகவும், திரும்பி வர ஒரு மணியும் ஐம்பது நிமிடமும் எடுத்ததாகவும் அட்டவணை காட்டிற்று. காற்றின் திசைதான் காரணம் என விளக்கியோரும் இருந்திருப்பர்.

போர்க்காலமே எல்லாவற்றினும் பெரிய தூரத்தை உண்டாக்கிற்று. 1983 ஆம் ஆண்டு யூலையிற் கொழும்பை விட்டு நீங்கிய தமிழர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர். அவர்களுட் சிலர் பின்னர் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்தனர். தலைமன்னார், இராமேசுவரக் கப்பற் சேவை 1984 ஆம் ஆண்டில் நின்றது. 1990 ஆம் ஆண்டில் வடக்குப் புகையிரதப் பாதைகளும் அற்றுப்போயின. பலாலி இராணுவத் தளமாயிற்று. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே சிலகாலம் ஓடிய தனியார் விமானங்களுள் ஒன்று, 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆந் தேதி, பலாலியிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அந்நாட்களில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் சென்னை செல்ல வேண்டின், எவ்வாறேனுங் கொழும்பை அடைந்து, அங்கு விடுதியில் நாட்களைக் கழித்து, பொலிஸ் பதிவு முடித்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவார். அவ்விமானமோ வடக்கு நோக்கிச் சென்று அவர் ஊருக்கு அண்மையிலே கடலைத் தாண்டும். 355 கிலோமீற்றரைக் கடப்பதற்கு அவர் முதலில் நானூறு கிலோமீற்றர் எதிர்த்திசையிற் செல்லவேண்டியிருந்தது.

பாதைகள் மீண்டது மெதுவாகவே. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலும், தலைமன்னார்த் துறைக்கு 2015 மார்ச்சிலுந் திரும்பின. தலைமன்னாரிற் போய் நிற்கும் வண்டிக்கு மறுபுறத்துக் கப்பல் இல்லை. நாகபட்டினத்துக்குங் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பற் சேவை தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியுந் தொடங்கிற்று. கொழும்பிலோ 2013 ஆம் ஆண்டிற் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டபின், தெமட்டகொடையில் இருப்பவர் பேஸ்லைன் வீதியால் வடக்கே சென்று பேலியகொடையில் அப்பாதையை அடைந்து, அரைமணி, முக்கால்மணியில் விமான நிலையத்தைச் சேரலாம். பின்னர் அங்கே மூன்று மணித்தியாலம் முந்தி வருமாறு விதித்த விதிக்கு அமைந்து காத்திருப்பார். ஒன்றேகால் மணிப் பிரயாணத்துக்கு வாசலிலிருந்து வாசல் வரை ஆறு, ஏழு மணித்தியாலஞ் செலவாகின்றது. சீதாதேவியிற் சென்றவர் இரத்மலானையில் இத்துணை நேரங் காத்திருந்திரார்.

2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆந் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் மீளத் திறக்கப்பட்டபோது, முதல் விமானம் சென்னையிலிருந்தே வந்தது. 2020 மார்ச்சிற் கொள்ளைநோயால் நின்ற அச்சேவை 2022 டிசம்பர் 12 ஆந் தேதி மீண்டும் தொடங்கிற்று. ஓடுபாதை குறுகியதாகையால் அங்கு வந்திறங்கியது ஜெற் விமானமன்று. விசிறி கொண்டு பறக்கும் ஏ.டி.ஆர். வகை. அட்டவணையில் அதற்குக் குறிக்கப்பட்ட நேரம் ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடைப்பட்டது. அதே 355 கிலோமீற்றரை மணிக்கு 250 கிலோமீற்றர் வீதங் கடக்க 1947 ஆம் ஆண்டின் டகோட்டாவுக்குத் தேவைப்பட்ட நேரமும் ஏறத்தாழ அதுவே.